இருமி இருமி மயங்கி விழுகிறார்: இது வலிப்பா, வேறு ஏதாவதா?

பூட்டுநகர்

வணக்கம். அப்பாவுக்கு வயது 57, உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 92 கிலோ. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு ஏற்றிக் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். முப்பது வருடமாகப் பீடி, ஒரு நாளைக்கு ஒரு கட்டு.

ஆறு வாரமாக இருமல் விடவில்லை. பிடித்தால் மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் எட்டு, பத்து இருமல் வருகிறது. இந்த மாதம் மூன்று தடவை அப்படி இருமும்போதே முகம் சிவந்து கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் சொருகிச் சாய்ந்துவிட்டார். இரண்டு தடவை நின்றுகொண்டிருந்தார், ஒரு தடவை நாற்காலியில் இருந்தார். கை இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தது. பத்து எண்ணுவதற்குள் கண் திறந்து “என்னாச்சு?” என்றார். அதன் பிறகு பேச்சில் தடுமாற்றம் இல்லை, நாக்கைக் கடிக்கவில்லை, சிறுநீர் போகவில்லை.

மாத்திரைகள்: பிரஷருக்கு மூன்று மாதமாக எனலாப்ரில் 5 மி.கி. காலை, மாலை. புராஸ்டேட்டுக்கு இரவில் டாம்சுலோசின் 0.4 மி.கி. ஒரு டாக்டர் ஈசிஜி பார்த்து நார்மல் என்றார். வலிப்பாக இருக்கலாம் என்று அதற்கு மாத்திரை எழுதியிருக்கிறார், இன்னும் ஆரம்பிக்கவில்லை. இது வலிப்புதானா? எந்த டாக்டரிடம் போக வேண்டும்? வண்டி ஓட்டலாமா?

---

நெஞ்சுக்கூடு

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது: முதலில் இருமல், பிறகு முகம் சிவந்தது, பிறகு மயக்கம், கடைசியில் கை வெட்டியது, உடனே தெளிவு. இது இருமல் மயக்கத்தின் வரிசை. 1876இல் பாரிசில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது குரல்வளைத் தலைசுற்றல் என்று பெயர் வைத்தார். இதையும் வலிப்பில் ஒரு வகை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். பலமாக இருமும்போது குரல்வளை மூடிக்கொள்ள, நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் சேர்ந்து நெஞ்சுக்கூட்டை அழுத்துகின்றன. அந்த அழுத்தம் 300 மி.மீ. பாதரசம் வரைகூட ஏறலாம். நல்ல பிரஷர் என்று நாம் சொல்வது 120. நெஞ்சுக்குள் அவ்வளவு அழுத்தம் இருந்தால் தலை, கை, கால், வயிற்றிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கும். கழுத்து நரம்பு புடைப்பது அதனால்தான். இதயத்துக்குள் ரத்தம் வராவிட்டால் வெளியே தள்ளவும் ஒன்றும் இருக்காது. அதே அழுத்தம் முதுகெலும்புத் திரவம் வழியாக மண்டைக்குள்ளும் ஏறி, மூளையின் ரத்தக் குழாய்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. போதாததற்கு, சிலருக்கு இருமலே ஒரு அனிச்சைச் செயலைத் தூண்டி ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, நாடித்துடிப்பையும் குறைத்துவிடும்.

மூளைக்கு ரத்தம் 6 முதல் 8 விநாடி நின்றாலே நினைவு போய்விடும். ஒற்றை இருமலில் அது நடக்காது. இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக வரும் இருமலில் நடக்கும். மயங்கியதும் இருமல் நின்றுவிடும், நெஞ்சு அழுத்தம் இறங்கும், ரத்தம் ஓடும், ஆள் விழித்துக்கொள்வார். பத்து எண்ணுவதற்குள் தெளிந்ததற்குக் காரணம் இதுதான்.

கை வெட்டியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரத்தம் குறைந்த மூளையும் சில விநாடிகள் அப்படி வெட்டி இழுக்கும். வலிப்பில் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுக்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், தெளிந்த பிறகும் பல நிமிடம் யார் எவர் என்று தெரியாமல் விழிப்பார்கள். இதில் எதுவும் அப்பாவுக்கு இல்லை. வலிப்பு மாத்திரையை ஆரம்பிக்குமுன் நீங்கள் இங்கே எழுதிய வரிசையை அப்படியே அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த தடவை பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இருமல் தொடங்கியதிலிருந்து பேச ஆரம்பிப்பது வரை முழுவதும் பதிவாக வேண்டும். பத்துப் பரிசோதனை சொல்லாததை அந்த ஒரு நிமிட வீடியோ சொல்லிவிடும்.

உடல்வாகும் பொருந்துகிறது. நடுவயது, கனத்த உடம்பு, அகன்ற நெஞ்சு, புகைப்பழக்கம் உள்ள ஆண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அவ்வளவு அழுத்தம் உண்டாக்க அவ்வளவு தசை பலம் வேண்டும். ஒல்லியான பெண்களுக்கு எவ்வளவு இருமினாலும் அபூர்வமாகத்தான் மயக்கம் வரும்.

---

சாவிக்கொத்து

டாக்டர் பக்கம் மற்றவர்கள் சொல்வார்கள். இன்று ராத்திரியே வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

இருமல் தொடர்ச்சியாக வரும்போல இருந்தால் மூன்றாவது இருமலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியும் ஸ்டூலும் வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவது நல்லது. அங்கிருந்து விழ உயரமில்லை. வண்டி கழுவும் இடம், மாடிப்படி, கிணற்றடி, மோட்டார் பெல்ட் பக்கம் எங்கே இருந்தாலும் இதே விதி.

கையில் சூடான டீ இருந்தால் முதலில் அதைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். இருமலுக்கு நம் வீடுகளில் முதலில் செய்வது ஆவி பிடிப்பது. இவருக்கு அது ஆபத்து. போர்வையை மூடிக்கொண்டு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்திருக்கும்போது இருமல் வந்து மயங்கினால் முகமும் நெஞ்சும் அந்தத் தண்ணீரில்தான் போய் விழும். மயக்கம் நிற்கும்வரை ஆவி வேண்டவே வேண்டாம். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைக்கட்டும்.

மயங்கினால் அப்படியே படுக்க வையுங்கள். தூக்கி உட்கார வைக்கவோ நிறுத்தவோ கூடாது. பாசத்தில் நான்கு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவதால்தான் மூளைக்கு ரத்தம் போவது இன்னும் தாமதமாகிறது. படுத்தாலே போதும், இரண்டு காலையும் ஒரு அடி உயர்த்திப் பிடித்தால் இன்னும் நல்லது. சளியோ வாந்தியோ வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் திணிக்க வேண்டாம், வாய்க்குள் ஸ்பூன் வைக்க வேண்டாம். முழுதாகத் தெளியும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மயக்கத்தில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு நிமிடம் தாண்டியும் தெளியவில்லை, நெஞ்சு வலிக்கிறது, ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறுகிறது, சளியில் ரத்தம் நிறைய வருகிறது, விழுந்ததில் தலையில் அடி பட்டது, இதில் எது நடந்தாலும் 108.

---

மருந்துச்சீட்டு

எனக்கு முதலில் கண்ணில் பட்டது எனலாப்ரில். மூன்று மாதமாக மாத்திரை, ஆறு வாரமாக இருமல். இந்தக் கணக்கை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

“ப்ரில்” என்று முடியும் பிரஷர் மாத்திரைகள் (எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில்) சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். பிராடிகைனின் என்ற பொருளை உடம்பில் உடைக்கும் நொதியையும் இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. அது மூச்சுக்குழாயில் தேங்கி அங்குள்ள நரம்புகளை உறுத்துகிறது. மாத்திரை ஆரம்பித்த அன்றே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். முதல் ஒன்றரை மாதம் ஒத்துக்கொண்டதே என்று கணக்கிலிருந்து எடுத்துவிடக் கூடாது. இந்த இருமலுக்கு எத்தனை டானிக் குடித்தாலும் கேட்காது.

மாற்று இருக்கிறது: லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற “சார்டன்” வகை. அவற்றால் இருமல் வருவது மிகக் குறைவு. ஆனால் நீங்களாகவே நிறுத்தி பிரஷரை ஏறவிடாதீர்கள். டாக்டரிடம் “இருமலுக்கு இந்த மாத்திரை காரணமாக இருக்குமா, மாற்றலாமா?” என்று நேராகக் கேளுங்கள். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் அடங்கும், சிலருக்கு 3 மாதம்வரை இழுக்கும். பத்தாம் நாளே “மாற்றியும் பயனில்லை” என்று பழைய மாத்திரைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அந்தத் தவறு வேண்டாம்.

அடுத்தது டாம்சுலோசின். புராஸ்டேட்டுக்கான இந்த மாத்திரை ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தும். எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குகிறவருக்கு இருமல் வந்தால் மயக்கம் இன்னும் சுலபமாக வரும். அதனால் பிரஷரை இரண்டு விதமாகப் பார்க்கச் சொல்லுங்கள்: 5 நிமிடம் படுத்த பிறகு ஒன்று, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருந்தின் அளவையும் நேரத்தையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும்.

கடையில் கேட்டவுடன் கிடைக்கிறதே என்று சிவப்பு டானிக்கை வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்து பல டானிக்குகளில் கலந்திருக்கும். கோடீன் (அபின் வகை மருந்து) உள்ளவை இருமலை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் பல வருடம் புகைத்துச் சேதமான நுரையீரலில் அது மூச்சையும் மந்தமாக்கும், சளியையும் உள்ளேயே நிறுத்தும், மலச்சிக்கல் வரும், பழக்கமும் ஆகிவிடும். டாக்டர் பார்த்து, குறைந்த நாளுக்கு எழுதினால் மட்டும் குடிக்கலாம்.

---

பூட்டுநகர்

எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போன இரண்டு விவரம்: காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் வெள்ளைச் சளி வருகிறது, இது இரண்டு மூன்று வருடமாகவே உண்டு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்பா “இருமல் வந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன், நீ பயப்படாதே” என்று சொல்லி நாளைக்கு லோடுக்குக் கிளம்புகிறார்.

---

நெஞ்சுக்கூடு

நாளைக்கு வண்டியை எடுக்க விடாதீர்கள். இதில் நான் இறங்கிவர மாட்டேன். இருமல் தொடங்கிச் சில விநாடிக்குள்ளேயே நினைவு போகலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி 5 விநாடியில் சுமார் 70 மீட்டர் ஓடிவிடும். ஓரம் கட்டுவதற்கு இண்டிகேட்டர், கண்ணாடி, பிரேக் என்று மூன்று வேலை இருக்கிறது. இருமிக்கொண்டே அவற்றைச் செய்து முடிப்பதற்குள் கண் இருண்டுவிடும். பல பேருக்கு முன்னெச்சரிக்கையே கிடைப்பதில்லை.

இங்கிலாந்தில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறை இருமல் மயக்கத்துக்குத் தனி விதியே வைத்திருக்கிறது. கார் ஓட்டுபவருக்கு ஒரு தடவை வந்தால் 6 மாதம், பல தடவை வந்தால் 12 மாதம் ஓட்டக் கூடாது. லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு விதி இதைவிடக் கடுமை. நம் நாட்டில் அப்படி மாதக் கணக்கு இல்லை. ஆனால் உரிமத்துக்கு நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் 1இல் வலிப்போ, எந்தக் காரணத்தாலும் திடீரென நினைவிழப்போ தலைசுற்றலோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. சரக்கு வாகனத்துக்கு டாக்டர் தரும் படிவம் 1ஏவும் வேண்டும். இருமல் முழுவதும் நின்று, டாக்டர் எழுத்தில் கொடுக்கும்வரை லோடுக்கு வேறு டிரைவர் போடுங்கள். டூவீலருக்கும் இதேதான்.

பிழைப்பு நிற்கும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அப்பாவிடம் அவருடைய உயிரைப் பற்றிப் பேசினால் “எனக்கு ஒன்றும் ஆகாது” என்பார். மார்க்கெட் வாசலில் தலைச்சுமையோடு கடக்கிறவர்களைப் பற்றிப் பேசுங்கள்.

இனி டாக்டர். முதலில் நெஞ்சுநோய் மருத்துவர், திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலேயே கேட்டுப் பாருங்கள். இருமல் 2 வாரம் தாண்டினாலே சளியில் காசநோய் பார்த்துவிட வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே. பிறகு ஸ்பைரோமெட்ரி: குழாயில் பலமாக ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்து கொடுத்து 15, 20 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் விநாடியில் வெளியே வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பீடிப் புகையால் வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு என்று பொருள். வருடக்கணக்கில் காலைச் சளி, படி ஏறினால் மூச்சு, இரண்டும் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன. ஒன்று மிக முக்கியம்: ஊதும்போதே இருமல் வந்து மயங்கலாம். “இருமினால் மயங்குகிறார்” என்று டெக்னீஷியனிடம் முன்பே சொல்லி, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இதயத்தையும் விட்டுவிடக் கூடாது. ஈசிஜி நார்மல் என்றாலும் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் மகாதமனி வால்வில் சுருக்கம், இதயத் தசைத் தடிப்பு இருந்தால் இருமல் மயக்கம் சீக்கிரம் வரும். 24 மணி நேரம் உடம்பில் மாட்டி இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை டாக்டர் கேட்டால் மறுக்காதீர்கள், சிலருக்கு இருமும்போது இதயத்துடிப்பே சில விநாடி நின்றுவிடும். மூளை எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. இருமும்போது பின்மண்டையில் பிளப்பதுபோல் வலி, நடையில் தள்ளாட்டம், கை மரத்துப்போவது இருந்தால் எடுக்க வேண்டும். சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும் கியாரி கோளாறு அப்படித்தான் வெளிப்படும். இருமலே இல்லாமல் மயங்கினாலோ, நடக்கும்போதோ சுமை தூக்கும்போதோ மயங்கினாலோ இங்கே நாம் பேசுவது பொருந்தாது. அன்றைக்கே இதய மருத்துவர்.

---

மெல்லமூச்சு

பிசியோதெரபியில் இதற்குச் சொல்லித் தருவதை எழுதுகிறேன். அப்பாவுக்கு இரண்டு வகை இருமல் இருக்கிறது, இரண்டுக்கும் வழி வேறு.

சளி இல்லாமல் தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டி வரும் வறட்டு இருமலை அடக்கலாம். கூச்சம் தொடங்கியதும் வாயை மூடி, எச்சிலை ஒரு தடவை விழுங்க வேண்டும். உடனே ஆழமாக மூச்சிழுக்கக் கூடாது, அப்படி இழுத்தால் அதுவே அடுத்த இருமலுக்குக் காற்று நிரப்பிக் கொடுக்கும். மூக்கு வழியாகச் சின்னச் சின்னதாக, பூ முகர்வதுபோல் மூச்சு விடட்டும். அரை நிமிடத்தில் கூச்சம் தணியும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், ஒரு மிடறு போதும்.

காலைச் சளியை அடக்கக் கூடாது, வெளியே வர வேண்டும். ஆனால் இருமி எடுக்காமல் “ஹஃப்” செய்து எடுக்கலாம். கட்டில் விளிம்பில் வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளட்டும். சாதாரண மூச்சு நான்கைந்து. பிறகு மூக்கு வழியாக நடுத்தர அளவுக்கு மூச்சை இழுத்து 2 விநாடி நிறுத்தி, வாயை முட்டை நுழையும் அளவுக்குத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் “ஹ்ஹா” என்று நீளமாக வெளியே தள்ள வேண்டும். இரண்டு தடவை, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. சளி மேலே தொண்டைக்கு ஏறும் சத்தம் கேட்டால் ஒரே ஒரு இருமலில் துப்பிவிடலாம். குரல்வளை திறந்தே இருப்பதால் நெஞ்சழுத்தம் அவ்வளவு ஏறாது, அதுதான் இதன் சூட்சுமம். பெரும்பாலும் செய்யும் தவறு, “ஹ்ஹா” என்பதைத் தொண்டையை இறுக்கிக் கரகரவென்று செய்வது. கரகரப்புக் கேட்டால் வாயை இன்னும் திறக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் இன்ஹேலர் எழுதினால் கூடவே ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) கேளுங்கள். நேரடியாக வாயில் அடித்தால் மருந்து பெரும்பகுதி தொண்டையில் படிந்து அங்கேயே இருமலைக் கிளப்பும். குலுக்கி, ஒரு அழுத்து, மெதுவாக இழுத்து 10 எண்ணும்வரை நிறுத்தி, பிறகுதான் அடுத்த அழுத்து. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

இருமல் இரவில் படுத்ததும் கூடுகிறதா, நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உண்டா என்றும் கவனியுங்கள். இரைப்பை அமிலம் மேலேறுவதும் நாள்பட்ட இருமலுக்குப் பெரிய காரணம். இருந்தால் இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவதில் பயனில்லை, அது கழுத்தை மட்டும் மடக்கி வயிற்றை அமுக்கும்.

பீடியை நிறுத்தாமல் மற்ற எதுவும் நிலைக்காது. நிறுத்திய முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடும். மூச்சுக்குழாயின் நுண்ணிழைகள் மறுபடி வேலைசெய்யத் தொடங்குவதால் அப்படி. “விட்டதும்தான் அதிகமாச்சு” என்று மறுபடி பற்றவைத்துவிடுவார்கள், அப்பாவுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். அந்த வாரங்களில் மயக்கமும் கூடலாம், அதனால் தரையில் உட்காரும் பழக்கத்தை அதற்கு முன்பே பழகிக்கொள்ளட்டும். நிக்கோட்டின் சூயிங்கம் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

---

பூட்டுநகர்

லோடுக்குச் சித்தப்பா மகன் போகிறான், அப்பா ஒத்துக்கொண்டார். நாளை காலை நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போகிறோம். சளி எடுத்துப் போக வேண்டுமா, அங்கேயே கொடுக்கலாமா?

---

நெஞ்சுக்கூடு

டப்பா அங்கேதான் தருவார்கள், முதல் மாதிரியை அங்கேயே எடுப்பார்கள், மறுநாள் காலைச் சளிக்கு இன்னொரு டப்பா கையில் கொடுத்து அனுப்புவார்கள். பல் விளக்குமுன், வெறும் தண்ணீரில் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு எடுத்தது வேண்டும். எச்சிலாக இல்லாமல் நெஞ்சிலிருந்து வந்த கெட்டிச் சளியாக இருக்கட்டும். அதையும் உட்கார்ந்தே, மேலே சொன்ன ஹஃப் முறையில் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், ஈசிஜியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தடவையும் எந்தத் தேதி, நின்றாரா உட்கார்ந்தாரா, எத்தனை விநாடி என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் ஞாபகம் வராது.